இலை எடுக்காத பந்தி

அல்சூரில் இருக்கும் என் நண்பர் வரி ஆலோசகர். வயது அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. முப்பது ஆண்டுகளாக அடுத்தவர்களின் வரவு செலவைப் பார்த்துப் பார்த்து, எதையும் இரண்டு முறை எண்ணிப் பார்க்கும் பழக்கம் அவருக்கு வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போன் செய்தார். “தம்பி, என் பழைய கம்ப்யூட்டர்ல இருபத்து மூணு ஃபோல்டர் இருக்கு. அதுல ஒண்ணைக்கூட நான் உண்டாக்கலை. கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போறீங்களா?”

கம்ப்யூட்டர் வைத்தியம் என் தொழில் இல்லை. மொழிபெயர்ப்புதான் தொழில். ஆனால் ஒரு காலத்தில் சில மென்பொருள் கையேடுகளைத் தமிழாக்கிய பாவத்துக்கு, தெரிந்தவர் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால் என்னைக் கூப்பிடுகிறார்கள். தமிழில் எம்.ஏ. படித்தவனுக்கு இது எதிர்பாராத மரியாதை. போனேன்.

கம்ப்யூட்டர் 2010-ல் வாங்கியது. விண்டோஸ் 7. அந்த விண்டோஸுக்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியோடு ஆதரவை நிறுத்திவிட்டது. நண்பரும் புதிதாக ஒன்று வாங்கி, இதை மூலையில் போட்டுவிட்டார். இப்போது எஸ்.பி. ரோட்டில் பழைய கம்ப்யூட்டர் எடுக்கும் கடை ஒன்றில் விலை பேசியாகிவிட்டது. கொடுப்பதற்கு முன் தன் ஃபைல்களை எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்தவர், தேடிக்கொண்டே போய், ‘டெம்ப்’ என்ற ஃபோல்டருக்குள் நுழைந்துவிட்டார். அங்கேதான் அந்த இருபத்து மூன்றும் வரிசையாக நின்றன.

எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். ‘பிளக்’ என்ற ஆங்கிலச் சொல், அதை ஒட்டி டி, எம், பி என்று மூன்று எழுத்துகள். முதல் ஃபோல்டருக்கு மட்டும் எண் இல்லை. மற்றவற்றுக்கு ஒன்றிலிருந்து இருபத்திரண்டு வரை எண் போட்டிருந்தது. கடைக்காரரிடம் போனில் கேட்டிருக்கிறார். “வைரஸ் சார், ஃபார்மட் பண்ணிடலாம்” என்று ஒரே வரியில் தீர்ப்பு வந்திருக்கிறது. நம் ஊரில் கம்ப்யூட்டருக்கு வரும் எல்லா நோய்க்கும் பெயர் வைரஸ், எல்லா மருந்துக்கும் பெயர் ஃபார்மட்.

வைரஸ் ஒளிந்துகொள்ளப் பார்க்கும். வரிசை எண் போட்டுக்கொண்டு நிற்காது. எண் போட்டு நிற்பது கணக்குப் பார்க்கும் புத்தி. நண்பருக்கு இந்த வாதம் பிடித்திருந்தது. ஆனால் போதவில்லை. “அப்போ இது யாரு வெச்ச கணக்கு?” என்றார்.

அதைச் சொல்வதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1995 ஆகஸ்ட் 15-ஆம் தேதி வி.எஸ்.என்.எல். இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. அடுத்த ஆண்டில் வந்த நெட்ஸ்கேப் நேவிகேட்டரின் இரண்டாம் பதிப்பில்தான் ‘பிளக்-இன்’ என்ற ஏற்பாடு வந்தது. பிரௌசருக்கு எழுத்தும் படமும் காட்டத் தெரியும். அசையும் படம், பாட்டு, பி.டி.எஃப். போன்றவற்றைக் காட்ட அதற்கு அப்போது தெரியாது. எனவே வெளியாள் ஒருவரை உள்ளே விட்டு, “இந்த வேலையை மட்டும் நீங்கள் பாருங்கள்” என்று ஒப்படைத்தது. அந்த வெளியாள்தான் பிளக்-இன். தமிழில் ‘செருகுநிரல்’ என்கிறோம். அடோபியின் பி.டி.எஃப். ரீடர், ஃபிளாஷ், ஜாவா எல்லாம் இப்படி உள்ளே வந்தவர்கள்தான்.

கல்யாண வீட்டில் வெளியூர்ச் சமையல்காரரைக் கூப்பிடுவது போலத்தான் இது. அவர் வந்ததும் முதலில் கேட்பது, “சாமானை எங்கே வெச்சிருக்கீங்க?” என்பதுதான். பிளக்-இன்களிலும் சில அப்படிக் கேட்கும். இன்டர்நெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக வரும் தகவலைக் கையில் வாங்கிக்கொண்டே வேலை பார்ப்பவை உண்டு. “முழுசாக ஒரு ஃபைலாக இறக்கி வை, இருக்கும் இடத்தைச் சொல், அப்புறம் பார்க்கிறேன்” என்பவையும் உண்டு. இந்த இரண்டாம் வகைக்காக மொஸில்லாவின் ஃபயர்ஃபாக்ஸ் பிரௌசர், விண்டோஸின் டெம்ப் ஃபோல்டருக்குள் ஒரு தனி ஃபோல்டரைத் திறக்கும். பெயர், மேலே சொன்ன பிளக்-டி.எம்.பி. உள்ளே இறக்கிவைக்கும் ஒவ்வொரு ஃபைலின் பெயருக்கு முன்னாலும் ‘பிளக்-இன்’ என்று ஒட்டிவிடும்.

பந்தியில் இலை போடுவது மாதிரி. சாப்பாடு முடிந்ததும் இலையை எடுத்துவிட வேண்டும். பிரௌசரும் அப்படித்தான் செய்யும். நாம் முறையாக மூடும்போது, தான் போட்ட ஃபோல்டரைத் தானே எடுத்துவிட்டுப் போகும். அதனால்தான் லட்சக்கணக்கானவர்கள் அதைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

பந்தி நடுவில் மின்சாரம் போய்விட்டால்? எல்லோரும் பாதியில் எழுந்து போய்விடுகிறார்கள். இலை அங்கேயே கிடக்கிறது. அடுத்த முறை பிரௌசர் வந்து பார்க்கிறது. அந்தப் பெயரில் ஏற்கனவே ஒரு ஃபோல்டர் இருக்கிறது. அதைத் தொடுவது மரியாதை இல்லை. வேறு யாராவது பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். எனவே பக்கத்தில் ‘ஒன்று’ என்று எண் போட்டுப் புதிய இலை போட்டுக்கொள்கிறது. அன்றைக்கு ஒழுங்காக மூடினால் ‘ஒன்று’ போய்விடும். பழையது மட்டும் நிற்கும். அன்றைக்கும் பாதியில் நின்றால் இரண்டும் நிற்கும். மூன்றாம் நாள் ‘இரண்டு’ பிறக்கும்.

ஆக, இருபத்து மூன்று ஃபோல்டர் என்றால், பிளக்-இன் வேலை செய்துகொண்டிருந்தபோது இருபத்து மூன்று தடவை பிரௌசர் அகால மரணம் அடைந்திருக்கிறது. அவ்வளவுதான் செய்தி.

இதைக் கேட்டதும் நண்பருக்குள் இருந்த கணக்காளர் விழித்துக்கொண்டார். “தேதி பாத்தா தெரியுமே” என்றார். எனக்குத் தோன்றாத யோசனை. ஃபோல்டர்களை அவை உருவான தேதிவாரியாக அடுக்கினோம். பதினான்கு ஃபோல்டர்கள் 2011, 2012-ஆம் ஆண்டுகளின் ஏப்ரல், மே மாதங்களில் பிறந்தவை. அதுவும் மாலை நான்கு மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில். பெங்களூரில் இருப்பவர்களுக்கு அந்த நேரத்தின் அர்த்தம் சொல்லாமலே தெரியும். பகலெல்லாம் வெயில் காயும், நாலு மணிக்கு வானம் கறுக்கும், இடி இடிக்கும், எங்கோ ஒரு மரக்கிளை கம்பியில் விழும், மின்சாரம் போகும். இன்னும் ஆறு ஃபோல்டர்கள் 2011 ஜூலை கடைசி வாரத்தைச் சேர்ந்தவை. வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் கெடு நேரம். “அது நான்தான்” என்று ஒப்புக்கொண்டார். “இருபது விண்டோ தொறந்து வெச்சிருப்பேன். மிஷின் திணறும். கோபத்துல பட்டனை அமுக்கிப் புடிச்சு ஆஃப் பண்ணிடுவேன்.” மீதி மூன்றுக்குக் காரணம் தெரியவில்லை.

“யு.பி.எஸ். இருந்ததே சார்?” என்றேன். “இருந்தது. பேட்டரி செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. மாத்தணும் மாத்தணும்னு இருந்தேன்.” நோய் கம்ப்யூட்டருக்குள் இல்லை. மேஜைக்கு அடியில், தூசி படிந்த ஒரு பெட்டிக்குள் இருந்தது. வைரஸ் தேடும் மென்பொருள் எத்தனை ஓட்டியிருந்தாலும் அந்த பேட்டரி அகப்பட்டிருக்காது.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருக்கலாம். புதிர் விடுபட்டுவிட்டது. ஆனால் நண்பர் ஃபோல்டர்களின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க விரும்பினார். பார்த்தோம்.

பாதிக்கு மேற்பட்டவற்றில் ஒன்றுமில்லை. ஃபிளாஷ் தன் அனுமதிகளைச் சரிபார்க்க இறக்கிக்கொள்ளும் சின்னஞ்சிறு ஃபைல் ஒன்றுதான் இருந்தது. ஆனால் பதினொரு ஃபோல்டர்களில் பி.டி.எஃப்.கள் இருந்தன. பெயர்களைப் பார்த்ததும் நண்பரின் முகம் மாறியது. ஒருவரின் படிவம் 16. அதில் சம்பளம், பான் எண், வேலை பார்க்கும் இடம் எல்லாம் இருக்கும். இன்னொருவரின் வங்கிக் கணக்கு விவரம், ஆறு மாதத்துக்கு. ஒரு வீட்டுக் கடன் சான்றிதழ். ஒரு மருத்துவமனை ரசீது, வரிவிலக்குக்காக அனுப்பியது. சில பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியவை. பல திறந்தே கிடந்தன. இவை எதையும் அவர் இந்தக் கம்ப்யூட்டரில் சேமித்து வைக்கவில்லை. மெயிலில் வந்ததைத் திறந்து பார்த்தார், எண்களைக் குறித்துக்கொண்டார், மூடினார். மூடிவிட்டதாக நினைத்தார்.

“இதோடயேவா அந்தக் கடைக்குக் குடுத்திருப்பேன்?” என்று கேட்டார். பதில் சொல்லத் தேவை இருக்கவில்லை. கணக்குப் பார்ப்பவரிடம் மக்கள் மனைவியிடம் சொல்லாததைக்கூடச் சொல்வார்கள். அவருடைய முப்பது வருடப் பிழைப்பே அந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது.

விஷயம் அவரோடு முடிந்துவிடுவதில்லை. பிளக்-இன் பிறந்த அதே 1996-ல்தான் பெங்களூர் பிரிகேட் ரோட்டில் கஃபே காபி டே தன் முதல் கடையைத் திறந்தது. காபியோடு இன்டர்நெட்டும் விற்ற கடை. பிறகு ‘பிரௌசிங் சென்டர்’ என்ற போர்டு தெருவுக்குத் தெரு வந்தது. ஒருவர் எழுந்த நாற்காலியில் அடுத்தவர் உட்கார்ந்தார். எத்தனை பேரின் வேலை விண்ணப்பம், மதிப்பெண் பட்டியல், வரன் ஜாதகம் அந்த மிஷின்களின் டெம்ப் ஃபோல்டரில் தங்கிப்போயிருக்கும்! இன்றைக்கு அந்த சென்டர்கள் அநேகமாக ஜெராக்ஸ் கடைகளாகிவிட்டன. நாமும் ஆதார் அட்டையை அந்தக் கடையின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி பிரிண்ட் எடுத்துக்கொண்டு, காகிதத்தை மட்டும் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு வருகிறோம்.

எதிர்பாராத ஃபோல்டரைப் பார்த்தால் இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஒன்று, கண்ணில் பட்ட பெயரின் மேல் பழி போடுவது. இதற்கு உலகப் புகழ் பெற்ற ஓர் உதாரணம் உண்டு. ரிச்சர்ட் ஹிப் என்ற அமெரிக்கர் 2000-ல் உருவாக்கிய எஸ்க்யூலைட் என்ற சிறிய தரவுத்தள மென்பொருள், இன்று பெரும்பாலான செல்போன்களிலும் பிரௌசர்களிலும் உள்ளே இருந்து வேலை பார்க்கிறது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துத் தங்கள் மென்பொருளில் சேர்த்துக்கொள்ளலாம். மெக்காஃபீ நிறுவனம் தன் வைரஸ் தடுப்பு மென்பொருளில் சேர்த்துக்கொண்டது. அது ஓடும்போது கம்ப்யூட்டரின் டெம்ப் ஃபோல்டரில் ‘எஸ்க்யூலைட்’ என்று தொடங்கும் தற்காலிக ஃபைல்கள் வந்து விழுந்தன. பார்த்தவர்கள் பதறினார்கள். கூகுளில் அந்தப் பெயரைத் தேடினார்கள். அதை எழுதியவர்களின் டெலிபோன் எண் கிடைத்தது. நடு ராத்திரியில் கூப்பிட்டு எழுப்பிச் சண்டை போட்டார்கள்.

எஸ்க்யூலைட்காரர்கள் 2006 அக்டோபரில் ஒரு காரியம் செய்தார்கள். தற்காலிக ஃபைல் பெயரில் தங்கள் பெயரைத் திருப்பிப் போட்டு, கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துக்கு எழுதிவிட்டார்கள். தெரிந்தவர் கண்டுகொள்வார். அந்த அளவுக்குத் தெரிந்தவருக்கு, போன் செய்தால் ஃபைல் போகாது என்பதும் தெரியும். இந்தக் கதையை அவர்கள் தங்கள் மென்பொருளின் மூல நிரலிலேயே குறிப்பாக எழுதி வைத்திருக்கிறார்கள். விருந்து வைத்தவர் ஒருவர், பாத்திரத்தில் பெயர் பொறித்திருந்தவர் இன்னொருவர். வசவு பாத்திரக்காரருக்குப் போனது.

இரண்டாவது தவறு இதற்கு நேர் எதிரானது. ‘தற்காலிகம்’ என்ற சொல்லை நம்பி விட்டுவிடுவது. ஒரு சொல்லை மொழிபெயர்க்கும்போது அதன் எடையையும் பார்க்க வேண்டும் என்பார்கள். ‘டெம்பரரி’ என்பதற்குத் ‘தற்காலிகம்’ என்று எழுதிக் கை பழகியவன் நான். நம் நாட்டில் அந்தச் சொல்லுக்கு எடை அதிகம். தற்காலிக ஊழியர் தற்காலிகமாகவே ஓய்வு பெறுகிறார். தற்காலிகப் பேருந்து நிலையத்தில் பிறந்த டீக்கடைக்கு இரண்டாம் தலைமுறை முதலாளி வந்துவிடுகிறார். நண்பரின் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் நிற்கிறார். பெங்களூர் தமிழ்ச் சங்கம் 1991-ல் நிறுவிய சிலை. திறப்பு விழாவுக்கு எதிர்ப்பு வந்ததால் அப்போதைக்கு மூடி வைத்தார்கள். அந்த ‘அப்போதைக்கு’ பதினெட்டு ஆண்டுகள் நீடித்து, 2009 ஆகஸ்ட் 9-ஆம் தேதிதான் முடிந்தது. மூடியது தானாக விலகவில்லை. இரண்டு மாநில முதல்வர்கள் பேசி, சென்னையில் சர்வக்ஞர் சிலைக்கும் இடம் தந்து, ஆட்கள் முயன்றதால்தான் விலகியது.

கம்ப்யூட்டரிலும் அதுவே விதி. தற்காலிகம் என்பது ஃபைலின் குணம் இல்லை. உண்டாக்கியவர் தரும் வாக்குறுதி. அந்த வாக்குறுதியை நிறைவேற்றும் முன் அவர் செத்துப்போனால், நிறைவேற்ற வேறு ஆள் இல்லை. லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் தற்காலிக ஃபோல்டரை ஒவ்வொரு முறை இயக்கும்போதும், அல்லது சில நாட்களுக்கு ஒரு முறை, கணினியே பெருக்கித் தள்ளும் வழக்கம் உண்டு. விண்டோஸ் அப்படிச் செய்யாது. விண்டோஸ் 10 முதல் ‘ஸ்டோரேஜ் சென்ஸ்’ என்ற துப்புரவாளர் இருக்கிறார். அவர் தன் வேலையைச் செய்கிறாரா என்று அமைப்புகளுக்குள் போய் நாம் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

வாக்குறுதியே தராதவர்களும் உண்டு. ஃபிளாஷ் பிளக்-இன், டெம்ப் ஃபோல்டரைத் தவிர வேறோர் இடத்தில், மேக்ரோமீடியா என்ற பெயரில், தனக்கென்று ஒரு ஃபோல்டரை வைத்துக்கொண்டது. அதற்குள்ளே கலவை எழுத்துகளில் பெயர் வைத்த இன்னொரு ஃபோல்டர். அதில் நாம் போன இணையதளங்களின் பெயரும் அவை விட்டுச்சென்ற குறிப்புகளும் இருந்தன. பிரௌசரில் ‘குக்கி’களை அழித்தாலும் இவை அழியவில்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வாளர்கள் 2009-ல் முன்னணி இணையதளங்கள் நூறைப் பார்த்தபோது, பாதிக்கு மேற்பட்டவை இந்த வழியைப் பயன்படுத்தியது தெரிந்தது. சில தளங்கள், நாம் அழித்த குக்கியை இங்கிருந்து எடுத்து மறுபடி உயிர்ப்பித்துக்கொண்டன. பிரௌசர்களின் ‘அழி’ பொத்தான் இந்த ஃபிளாஷ் குறிப்புகளையும் சேர்த்து அழிக்கப் பழகியது அதற்குப் பிறகுதான்.

சரி, அறியாத ஃபோல்டரைக் கண்டால் என்ன செய்வது? நண்பரின் மேஜையில் நாங்கள் செய்த வரிசையையே சொல்கிறேன்.

முதலில், பிரௌசரையும் மற்ற எல்லாவற்றையும் மூடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பந்தியில் இலையை இழுக்கக் கூடாது. கம்ப்யூட்டரை ஒரு முறை முறையாக அணைத்து இயக்குவது இன்னும் நல்லது. பிறகு விண்டோஸ் படம் போட்ட விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சிறு பெட்டி வரும். அதில் இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவே ‘டெம்ப்’ என்று ஆங்கிலத்தில், டி, ஈ, எம், பி, அடித்து என்டரைத் தட்டுங்கள். நேராக அங்கே கொண்டுபோய்விடும்.

இரண்டாவது, அழிப்பதற்கு முன் தேதியைப் பாருங்கள். எந்த நாள், எந்த நேரம், எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று பாருங்கள். அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று யோசியுங்கள். பெயரைவிடத் தேதி அதிகம் பேசும்.

மூன்றாவது, உள்ளே இருக்கும் ஃபைலின் பெயரைப் பாருங்கள், இரட்டைக் கிளிக் செய்து திறக்காதீர்கள். பிளக்-இன் காலத்தில் தீங்கான பி.டி.எஃப்.களும் இதே ஃபோல்டர்களில்தான் வந்து இறங்கின. வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் இந்த ஃபோல்டரின் பெயரைச் சொல்லி அலறியதற்கு அதுதான் காரணம். ஃபோல்டர் குற்றவாளி இல்லை. குற்றவாளி தங்கிய அறையாக இருந்திருக்கலாம். சந்தேகம் இருந்தால் அந்த ஃபோல்டரை மட்டும் சோதிக்கச் சொல்லுங்கள்.

நான்காவது, பழைய தேதியிட்ட ஃபோல்டர்களைத் தேர்ந்தெடுத்து அழியுங்கள். ‘பயன்பாட்டில் இருக்கிறது’ என்று ஏதாவது மறுத்தால் விட்டுவிடுங்கள், சண்டை வேண்டாம். அழித்தபின் குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள். மறுபடியும் அதே மாதிரி ஃபோல்டர் வந்தால், அழிப்பதை நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். ஒவ்வொரு வாரமும் ஒழுகும் கூரைக்கு அடியில் பாத்திரம் வைத்துக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. பெரும்பாலும் ஏதோ ஒன்று பாதியில் செத்துக்கொண்டிருக்கிறது. மின்சாரம், நினைவகப் பற்றாக்குறை, அல்லது உங்கள் பொறுமை.

ஐந்தாவது, கம்ப்யூட்டரை விற்கும்போது. ‘க்விக் ஃபார்மட்’ என்பது புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழிப்பது போன்றது. பக்கங்கள் அப்படியே இருக்கும், தேடி எடுக்க இலவச மென்பொருள்களே போதும். பழைய ஹார்டு டிஸ்க் என்றால், அந்த ‘க்விக்’ என்ற கட்டத்தின் குறியை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் செய்ய வேண்டும். சில மணி நேரம் ஆகும், ஆகட்டும். விண்டோஸ் 10, 11 என்றால் ‘ரீசெட்’ செய்யும்போது, டிரைவைத் துடைக்கும் வழியும் அதற்குள்ளே இருக்கிறது. அடுத்தவர் ஆவணங்களைக் கையாளும் தொழிலில் இருப்பவர்கள் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மீதியை விற்பது உத்தமம். 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், நோக்கம் முடிந்த பின் அடுத்தவர் தகவலை அழித்துவிட வேண்டும் என்றே சொல்கிறது. சட்டத்துக்கு முன்பே நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதுதான். கைமாற்றாக வாங்கிய பாத்திரத்தைக் கழுவித்தான் திருப்பித் தர வேண்டும்.

“இப்போதுதான் பிளக்-இன்னே இல்லையே?” என்று கேட்கலாம். உண்மை. குரோம் 2015-லும் ஃபயர்ஃபாக்ஸ் 2017 மார்ச்சிலும் பழைய வகை பிளக்-இன்களுக்குக் கதவை அடைத்தன. ஃபயர்ஃபாக்ஸ் ஃபிளாஷுக்கு மட்டும் கொஞ்ச காலம் விலக்கு கொடுத்தது. 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு ஃபிளாஷையும் அடோபி நிறுத்தியது. பி.டி.எஃப்.பை இன்று பிரௌசர்களே காட்டிவிடுகின்றன. வெளியூர்ச் சமையல்காரருக்கு வேலை போய்விட்டது. ஆனால் பந்தி நிற்கவில்லை. ‘எக்ஸ்டென்ஷன்’ என்ற நீட்சிகள் வந்துவிட்டன. முன்பு ஜாவா பிளக்-இன் மூலம் டிஜிட்டல் கையெழுத்துப் போட்ட இணையதளங்களுக்கு இன்று தனியாக ஒரு துணை நிரலை கம்ப்யூட்டரில் நிறுவிக்கொள்கிறோம். குரோம் குடும்பத்து பிரௌசர்கள் எதையாவது பிரித்து அடுக்கத் தற்காலிக இடம் தேவைப்பட்டால், ‘ஸ்கோப்ட்-டிர்’ என்று தொடங்கி எண்களில் முடியும் ஃபோல்டர்களைத் திறக்கின்றன. ஜாவா ஓடினால் ‘ஹெச்.எஸ்.பெர்ஃப்டேட்டா’ என்று தொடங்கி, உங்கள் பெயரில் முடியும் ஃபோல்டர் ஒன்று தோன்றும். தன் வேகத்தை அளந்து குறித்துக்கொள்ள அது வைத்திருக்கும் சிட்டை. உங்கள் பெயர் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். எல்லாமே முறையாக மூடினால் பெரும்பாலும் சுத்தமாகும், பாதியில் நின்றால் தங்கிவிடும். பெயர் மாறியிருக்கிறது, பழக்கம் மாறவில்லை.

அன்று மாலைக்குள் இருபத்து மூன்றையும் அழித்தோம். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி நண்பர் பீரோவில் வைத்துப் பூட்டினார். அதனால் கடைக்காரர் விலையைக் குறைப்பார் என்று சொன்னேன். “குறைக்கட்டும்” என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

கிளம்பும்போது, புதிய கம்ப்யூட்டரையும் ஒரு பார்வை பார்க்கச் சொன்னார். வாங்கி மூன்று வருடம். டெம்ப் ஃபோல்டரைத் திறந்தேன். ‘ஸ்கோப்ட்-டிர்’ வகையில் ஒன்பது நின்றன. தேதிவாரியாக அடுக்கச் சொன்னார். அடுக்கினேன். ஏப்ரல், ஏப்ரல், மே, மே.

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தோம்.

“மாத்தணும்னுதான் இருக்கேன்” என்றார்.